1929-ல் தொடங்கியது தமிழிசைக் கல்லூரியா? அண்ணாமலைநகர் பற்றி ஒரு வழக்கு

#1 தில்லைக்காற்று

நேற்று எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பெரியப்பா ஒரு செய்தி போட்டார். "தமிழிசையைக் காக்க 1929-ல் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் சிதம்பரத்தில் தொடங்கிய தமிழிசைக் கல்லூரி" என்று ஆரம்பம், கடைசியில் பத்துப் பேருக்கு அனுப்பச் சொல்லி ஒரு வேண்டுகோள். செட்டியார் சரி, சிதம்பரம் சரி, 1929-ம் சரி. 'தமிழிசையைக் காக்க' என்பதுதான் இடிக்கிறது.

நடந்தது என்ன? 1920-ல் மீனாட்சி கல்லூரி. பிறகு தமிழுக்கு ஒரு கல்லூரி, வடமொழிக்கு ஒன்று. 1929-ல் இசைக்கு ஒன்று. அதே வருஷம் செட்டியார் கொடுத்த 20 லட்சத்தோடு பல்கலைக்கழகமும் வந்தது. இசைக் கல்லூரியில் பாடம் சொன்னவர்கள் யார்? சபேசய்யர், மகா வைத்தியநாதய்யரின் சீடர். மகா வைத்தியநாதய்யரின் குரு மானம்புச்சாவடி வேங்கடசுப்பய்யர், அவர் தியாகராஜரிடம் நேராகப் பாடம் கேட்டவர். அப்புறம் தஞ்சை நால்வர் வம்சத்துப் பொன்னையா பிள்ளை. நால்வரோ முத்துசுவாமி தீட்சிதரின் மாணவர்கள். அப்புறம் டைகர் வரதாச்சாரியார். இந்த மூவரும் மாணவனுக்கு என்ன சொல்லிக் கொடுத்திருப்பார்கள்? சரளி, ஜண்டை, அலங்காரம் என்று ஆரம்பப் பயிற்சிகள், வர்ணம், அப்புறம் தியாகராஜர், தீட்சிதர், சியாமா சாஸ்திரி என்ற மும்மூர்த்திகளின் தெலுங்கு, வடமொழிக் கீர்த்தனை. பட்டத்தின் பெயரே 'சங்கீத பூஷணம்'.

தமிழ்ப் பாட்டுக்கு இடம் கேட்ட தமிழிசை மாநாடு அங்கே, பல்கலைக்கழகம் இருக்கும் அண்ணாமலைநகரில், நடந்தது 1941 ஆகஸ்டில். பன்னிரண்டு வருஷம் கழித்து. பையனுக்குப் பன்னிரண்டு வயதில் வைத்த பெயரைக் கொண்டுபோய்ப் பிறப்புச் சான்றிதழில் எழுதக்கூடாது என்பதுதான் என் கட்சி. மறுப்பவர்கள் வரலாம்.

#2 வடக்குவீதி

மறுக்க வந்துவிட்டேன். அங்கே நாலு வருஷம் படித்தவன். ரயில் பாதைக்கு மேற்கே ஊர், கிழக்கே பல்கலைக்கழகம். வடக்கு வீதியில் அறை எடுத்துக்கொண்டு தினமும் தண்டவாளம் தாண்டிப் போவேன்.

நீங்கள் சொன்ன பெயர்களும் வருஷங்களும் சரி. ஆனால் அதிலிருந்து நீங்கள் போகிற இடம் சரியில்லை. செட்டியார் கல்லூரி தொடங்கினார். பத்து வருஷம் மாணவர்கள் வெளியே வந்தார்கள். தமிழ்நாட்டில், நடராஜர் கோயிலுக்குக் கூப்பிடு தூரத்தில் படித்துவிட்டுப் போகிற பையனிடம் தமிழில் பாடு என்றால் நாலு உருப்படி தேறவில்லை. அதைப் பார்த்துத்தான் தமிழ்ப் பாட்டுக்காக 10,000 ரூபாய் கொடுத்தார், மாநாடும் கூட்டினார். கல்லூரியே இல்லாவிட்டால் குறை கண்ணில் பட்டிருக்குமா? சோறு வடித்தால்தானே கல் இருப்பது தெரியும்!

அப்புறம் அந்தப் பாட்டுப் புத்தகங்கள். 1940-களில் பல்கலைக்கழகம் தமிழ்ப் பாட்டுகளைச் சுரக்குறிப்போடு தொகுதி தொகுதியாக அச்சிட்டது. முத்துத்தாண்டவர், அருணாசலக் கவிராயர், கோபாலகிருஷ்ண பாரதியார், நீலகண்ட சிவன். என் வாத்தியாரிடம் ஒரு பிரதி இருந்தது. முதுகுக்குத் துணிப்பட்டை ஒட்டி, அதுவும் பிய்ந்து, மேலே இன்னொரு பட்டை. பக்கத்தைப் புரட்டினால் ஓரம் பொடிப்பொடியாக உதிரும். மேல் வரியில் சுரம், கீழ் வரியில் சாகித்தியம், தாளக்கோடு நடுவில் வெட்டிக்கொண்டு போகும். அவர் ஒரு வரி பாடுவார், நாங்கள் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே திருப்பிப் பாடுவோம். நாலாவது தடவை புத்தகத்தை மூடிவிடுவார். "இனிமே காதாலே" என்பார். அச்சில் ஒற்றை எழுத்தாக நிற்கும் காந்தாரம் அவர் குரலில் மூன்று வளைவு வளைந்து வரும். அதைக் காதாலேதான் பிடிக்க வேண்டும். ஆனால் பிடிப்பதற்கு ஒரு கொம்பு வேண்டாமா? அதுதான் அந்தப் புத்தகம்.

1929-ல் எந்த எண்ணத்தில் தொடங்கினார் என்று ஜாதகம் பார்ப்பதை விட, கடைசியில் என்ன காய்த்தது என்று பார்ப்பதுதான் நியாயம்.

#3 மயிலைரசிகன்

இரண்டு பேருமே ஒரு விஷயத்தைத் தொடாமல் போகிறீர்கள். 1941 மாநாட்டுக்குப் பதில் சொல்வதுபோல அந்த டிசம்பரில் சென்னை மியூசிக் அகாடமி ஒரு தீர்மானம் போட்டது. கர்நாடக இசையின் தரத்தைக் காப்பதே நோக்கம், அந்தத் தரம் குறையும்படி மொழி என்ற கணக்கை உள்ளே கொண்டுவரக் கூடாது என்பது சாரம். இன்று அதைக் காட்டி அகாடமியைத் தமிழ் விரோதி என்பது ஃபேஷன். அதில் எங்கே தமிழ் வேண்டாம் என்று இருக்கிறது?

இன்னொன்று. அகாடமியின் வருடாந்தர மாநாட்டுக்கு 1932-ல் தலைமை வகித்தவர் டைகர். 1933-ல் பொன்னையா பிள்ளை. 1934-ல் சபேசய்யர். அடுத்தடுத்து மூன்று வருஷம், மூன்று பேரும் அண்ணாமலைநகரில் பாடம் சொன்னவர்கள். 1931-ல் அகாடமி ஆசிரியர் கல்லூரி தொடங்கியபோது அதற்கு முதல்வராக இருந்ததும் டைகர்தான். சென்னைக்கும் சிதம்பரத்துக்கும் இடையே சுவர் இருந்த மாதிரி எழுதுவது பிற்காலத்துக் கற்பனை. ஒரே ஆட்கள், ஒரே பாடாந்தரம், ரயில் டிக்கெட் மட்டும் வேறு.

தமிழ்ப் பாட்டே மேடையில் இல்லை என்பதும் மிகை. அருணாசலக் கவிராயரின் ராம நாடகத்துப் பாட்டுகளை மெட்டமைத்துப் பாடியது யார்? திருப்பாவை முப்பதுக்கும் இன்று நாம் கேட்கும் ராகங்களைப் போட்டது யார்? பாடகர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார். அவர் எந்தத் தீர்மானத்துக்கும் காத்திருக்கவில்லை.

#4 வடக்குவீதி

மயிலை சார், தீர்மானத்தில் தமிழ் வேண்டாம் என்று இல்லைதான். "உங்க பொண்ணு லட்சணமா இருக்கா, ஆனா எங்க குடும்பத் தரம் குறையக்கூடாது பாருங்க" என்று சொன்னால் சம்பந்தம் பேச வந்தவனுக்கு என்ன புரியும்? 'தரம் குறையும்படி' என்ற சொற்களிலேயே, தமிழ் வந்தால் தரம் குறையக்கூடும் என்ற சந்தேகம் உட்கார்ந்திருக்கிறது. கல்கி அதைத்தான் விடாமல் பிடித்துக்கொண்டு எழுதினார். ராஜாஜியும் டி.கே.சி.யும் ஆர். கே. சண்முகம் செட்டியாரும் இந்தப் பக்கம் நின்றார்கள். இவர்களெல்லாம் சங்கீதம் தெரியாதவர்களா, தெலுங்கை வெறுத்தவர்களா? மாநாடு நடந்தபோது பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தவர் கே. வி. ரெட்டி நாயுடு. அவரே தெலுங்கர்.

தமிழ் மேடையில் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். எந்த இடத்தில்? பல்லவி முடிந்து, தனி ஆவர்த்தனம் முடிந்து, பாதி சபை கடைசி பஸ்ஸை நினைத்துக்கொண்டு செருப்பைத் தேடுகிற நேரத்தில். துக்கடா. விருந்தில் கடைசியாக வருகிற மோர் மாதிரி. ஒரே பத்து இருபது தெலுங்குக் கீர்த்தனைகளை ஊர் ஊராகப் பாடிக்கொண்டிருக்கிறார்கள் என்று பாரதியே சலித்துக்கொண்டு எழுதியிருக்கிறார். அது மாநாட்டுக்கு இருபது வருஷம் முன்னால்.

#5 மயிலைரசிகன்

மோர் இல்லாமல் விருந்து முடியாது, அது வேறு விஷயம் :)

#6 தில்லைக்காற்று

மயிலை சொன்ன 1932, 33, 34 கணக்கு என் கட்சிக்குத்தான் வலு. கல்லூரியும் அகாடமியும் ஒரே மரத்துக் கிளைகள். 1927-ல் சென்னையில் காங்கிரஸ் மகாசபையோடு சங்கீத மாநாடு, 1928-ல் அகாடமி, 1929-ல் அண்ணாமலைநகர், 1931-ல் ஆசிரியர் கல்லூரி. ராஜாக்களின் ஆதரவும் மிராசுதார்களின் ஆதரவும் வற்றிக்கொண்டிருந்த காலம். வித்துவானுக்கு மாதச் சம்பளம், மாணவனுக்குப் பட்டம், பாடத்துக்கு அட்டவணை, இதுதான் அப்போதைய கவலை. மொழி அப்போது கவலையே இல்லை.

இதை நான் குறையாகச் சொல்லவில்லை. அந்த முதல் கவலையும் பெரிய கவலைதான். அதை மறைத்துவிட்டு எல்லாவற்றுக்கும் 'தமிழிசை' என்று ஒரே பெயர்ப்பலகை மாட்டுவதைத்தான் சொல்கிறேன்.

#7 சீவாளி

வணக்கம். இதுவரை வெறுமனே படித்துக்கொண்டிருந்தேன். இப்போது கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் மூன்று தலைமுறை நாகசுரம். நீங்கள் மூவரும் சபாவைப் பற்றியே பேசுகிறீர்கள், பாட்டைப் பற்றியே பேசுகிறீர்கள். சுவாமி புறப்பாட்டில் எங்கள் தாத்தா வாசித்த மல்லாரி எந்த மொழி? கம்பீரநாட்டையில் எடுப்பார். சொல்லே கிடையாது. வாசலில் தவில் விழுந்தால் தெருக்கோடியில் இருக்கிறவனுக்கு சாமி கிளம்பிவிட்டது என்று தெரியும். பல்லக்கு நாலு முழம் நகர்வதற்குள் மூன்று காலமும் பார்த்துவிடுவார். பிறகு தெற்கு வீதி திரும்புகிற இடத்தில் ராக ஆலாபனை, ஒரு தோடி என்றால் முக்கால் மணி நேரம். இதில் தெலுங்கு எது, தமிழ் எது? 1941-ல் எந்தப் பக்கம் ஜெயித்திருந்தாலும் தாத்தாவின் மல்லாரி மாறியிருக்காது. அவர்கள் சண்டையில் எங்களுக்கு நாற்காலியே போடவில்லை.

பொன்னையா பிள்ளை எங்கள் இசை வேளாளர் மரபு. அவரைப் பேராசிரியராக உட்கார வைத்தார்களே என்று நீங்கள் சொல்வீர்கள். சரி, பெருமைதான். ஆனால் மேளத்துக்கும் கல்லூரிக்கும் இருந்த தூரம் அதனால் குறைந்துவிடவில்லை. பட்டம் என்று ஒன்று வந்த பிறகு, பட்டம் இல்லாதவன் என்று ஒரு ஜாதியும் வந்துவிட்டது. என் மாமாவைச் சொல்கிறேன். நாற்பது வருஷம் கோயில் வாசிப்பு. ஒரு பள்ளிக்கூடத்தில் இசை ஆசிரியர் வேலை இருக்கிறது என்று யாரோ சொல்லிப் போனார். பள்ளியின் பெயர் வேண்டாம். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் கேட்ட முதல் கேள்வி, "சர்டிபிகேட் இருக்கா?" மாமா குழாயை உறையிலிருந்து வெளியே எடுக்கவே இல்லை. ஊதுமுனையான சீவாளியை வாயில் வைத்து நனைத்துக்கொண்டு வெளியே பெஞ்சில் காத்திருந்தவர், உள்ளே போய் இரண்டு நிமிஷத்தில் திரும்பி வந்தார். வாயிலிருந்த ஈரம் கூடக் காய்ந்திருக்காது.

குருகுலம் சொர்க்கம் என்று நான் சொல்ல வரவில்லை. அதே மாமா சின்ன வயசில் குரு வீட்டில் தண்ணீர் இறைத்து, துணி துவைத்து, மாட்டுக்குத் தீனி போட்டு, இரண்டு வருஷம் கழித்துத்தான் குழாயைக் கையில் வாங்கினார். அடிபட்ட தழும்பு முட்டியில் இருக்கிறது. கல்லூரி வந்ததால் இப்படி அடி வாங்காமல் ஒருவன் படிக்க முடிந்தது என்றால் அது நல்லதுதான். ஆனால் அந்த வாசல் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் திறக்கவில்லை. திருவையாறு அரசு இசைக் கல்லூரி, மாவட்ட அரசு இசைப்பள்ளிகள் எல்லாம் வந்த பிறகுதான் நாகசுரமும் தவிலும் பக்கத்து ஊரிலேயே பாடமாகக் கிடைத்தது. என் பையன் அப்படி ஒரு இசைப்பள்ளியில்தான் மூன்று வருஷம் படித்தான். மாமா அவனுடைய சான்றிதழை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதுதானா அது" என்றார்.

#8 மட்டுறுத்துநர்

#7-க்குப் பதிலாக வந்த ஒரு பதிவை நீக்கியிருக்கிறேன். சாதிப் பெயர் சொல்லி வசைபாடுவதற்கு இது இடமில்லை. விவாதம் தொடரட்டும்.

#9 வடக்குவீதி

சீவாளி அண்ணே, மாமா கதைக்குப் பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. பட்டம் வாங்கியவன் நான். எங்கள் வகுப்பிலேயே மனசுக்குள் அந்த ஏற்றத்தாழ்வு இருந்தது. கோயில் குடும்பத்திலிருந்து வந்த பையன் ஒருவன், சுரக்குறிப்பு எழுதும் பரீட்சையில் தவறுவான். அவன் பாடினால் நாங்கள் வாயை மூடிக்கொள்வோம். மதிப்பெண் பட்டியலில் அவன் எனக்குக் கீழே. இன்றைக்கும் அந்தப் பட்டியலை நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

#10 மட்டுநகரான்

மட்டக்களப்பிலிருந்து எழுதுகிறேன். எங்கள் சுவாமியை யாரும் இன்னும் நினைக்கவில்லையே என்று காத்திருந்தேன்.

விபுலாநந்த அடிகள் காரைதீவில் பிறந்தவர். 1931-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியர் ஆனார், 1933 வரை இருந்தார். கவனியுங்கள், இசைக் கல்லூரியில் இல்லை, தமிழ்த்துறையில். பிறகு பல வருஷம் யாழைப் பற்றியே ஆராய்ந்து, 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் 'யாழ் நூல்' அரங்கேறியது. கரந்தைத் தமிழ்ச் சங்கம் வெளியிட்டது. அடுத்த மாதம் அடிகள் காலமாகிவிட்டார்.

நான் சொல்ல வருவது வேறு. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையைத் தமிழ்ப் பண்டிதர் படித்தால் சொல்லுக்குப் பொருள் சொல்லுவார். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று ஏழு சுரத்தின் பழைய பெயர்களையும் ஒப்பிப்பார். பாடிக் காட்டு என்றால் முழிப்பார். வித்துவானிடம் கேட்டால் ச ரி க ம பாடிக் காட்டுவார், இளி எது என்றால் அவர் முழிப்பார். குரலை ஷட்ஜமாக வைப்பதா, மத்யமமாக வைப்பதா என்பதில் மட்டுமே எத்தனை வாதம்! இந்த இரண்டு கூட்டமும் ஒரே வளவுக்குள் கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் இருந்த இடம் அப்போது வேறு எங்கே இருந்தது? தமிழுக்கு ஒரு கல்லூரி, இசைக்கு ஒரு கல்லூரி, பக்கத்துப் பக்கத்தில். செட்டியார் நினைத்துச் செய்தாரா, தானாக அமைந்ததா தெரியவில்லை. அடிகள் போன்ற ஒருவர் அந்த மண்ணில் இரண்டு வருஷம் நடந்தது வீண்போகவில்லை என்பது என் எண்ணம்.

எங்கள் ஊரில் அடிகள் பெயரால் ஓர் இசை நடனக் கல்லூரி இருக்கிறது. இப்போது கிழக்குப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்த அழகியல் கற்கைகள் நிறுவகம். அதன் வேரில் ஒரு சல்லி சிதம்பரத்திலும் ஓடுகிறது.

#11 தில்லைக்காற்று

மட்டுநகரான் ஐயா, நன்றி. நான் யோசிக்காத கோணம். இசைப் பக்கத்திலிருந்து அதே பாலத்தைக் கட்டியவர் எஸ். ராமநாதன். அண்ணாமலைநகரில் டைகர், சபேசய்யர், பொன்னையா பிள்ளை மூவரிடமும் பாடம் கேட்டவர், சங்கீத பூஷணம் பட்டம் வாங்கியவர். பின்னாளில் அமெரிக்காவில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்கு அவர் எடுத்துக்கொண்ட பொருள் சிலப்பதிகாரத்து இசை. மதுரை சத்குரு சங்கீத வித்யாலயத்துக்கு முதல்வராகவும் இருந்தார். தியாகராஜர் கீர்த்தனையே பாடமாகப் படித்தவர் இளங்கோவடிகளிடம் போய் நின்றார் பாருங்கள். அதனால்தான் 1929 பாடத்திட்டம் தமிழுக்கு எதிரானது என்றும் நான் சொல்லவில்லை.

ஆனால் பண் விஷயத்தில், அதாவது தேவாரத்தின் பழைய ராகங்கள் விஷயத்தில், விட்டுக்கொடுக்க மாட்டேன். தேவாரப் பண்ணை இத்தனை நூற்றாண்டு காப்பாற்றியது ஓதுவார்கள். அவர்கள் படித்தது தருமபுரம் போன்ற ஆதீனங்களின் தேவாரப் பாடசாலையில். பண் ஆராய்ச்சி மாநாடுகளை 1949 முதல் நடத்தியது சென்னைத் தமிழ் இசைச் சங்கம். 1943-ல் செட்டியார் தொடங்கியதுதான், ஆனால் அது சென்னை. சிதம்பரம் கல்லூரிக்கு இதில் என்ன பங்கு?

இன்னொரு வருத்தம். பண்ணைக் கல்லூரிப் பாடத்துக்குள் கொண்டுவந்தபோது என்ன ஆயிற்று? ஒவ்வொரு பண்ணுக்கும் நேராக ஒரு ராகம். தக்கேசி என்றால் காம்போதி, கௌசிகம் என்றால் பைரவி, பழம்பஞ்சுரம் என்றால் சங்கராபரணம், கொல்லி என்றால் நவரோஜ். மாணவன் இடது பத்தியையும் வலது பத்தியையும் கோடு போட்டு இணைத்து இரண்டு மதிப்பெண் வாங்கிக்கொண்டு போய்விடுகிறான். ஓதுவார் பாடும் கௌசிகத்தில் தாளக்கட்டு இல்லாமல் விருத்தம்போல் நின்று நின்று போகும் நடை, சொல்லுக்காகக் குரல் காத்திருக்கும் இடம், அதெல்லாம் அந்தக் கோட்டுக்குள் அடங்குமா? மேடை பைரவியைப் பாடிவிட்டுக் கௌசிகம் பாடிவிட்டேன் என்கிறார்கள்.

#12 வடக்குவீதி

இதற்காகத்தான் காத்திருந்தேன். கல்லூரிக்கு என்ன பங்கா? எம். எம். தண்டபாணி தேசிகர் பெயர் கேள்விப்பட்டிருக்கிறீர்களா, இல்லை 'நந்தனார்' படத்தில் நடித்தவர் என்று மட்டும் தெரியுமா? திருச்செங்காட்டாங்குடிக்காரர். தேவாரம் ஓதும் குடும்பம். அவர் அண்ணாமலைப் பல்கலைக்கழக இசைத்துறைத் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தார். சபேசய்யரும் டைகரும் உட்கார்ந்த இடம் அது. 1929-ல் இது நடந்திருக்காது என்று நீங்கள் சொல்வீர்கள். ஆமாம், நடந்திருக்காது. நடுவில் 1941 வந்ததால்தான் நடந்தது. அந்த 1941-ஐக் கூட்டியது அதே வளாகம்.

பாரதிதாசனின் 'துன்பம் நேர்கையில்' பாட்டுக்கு தேஷ் ராகத்தில் மெட்டமைத்தவர் தேசிகர். வடக்கேயிருந்து வந்த ராகம், புதுச்சேரிக் கவிஞர், ஓதுவார் வீட்டுப் பாடகர். இன்று அந்தப் பாட்டை வேறு மெட்டில் நினைத்துப் பார்க்க முடிகிறதா? தமிழ்ப் பாட்டு துக்கடாவாக இருந்தாலும் பரவாயில்லை, இப்படி ஒரு துக்கடா இருந்தால் போதும் என்று நானே சில நாள் நினைப்பதுண்டு. மயிலை சார் இதைப் பிடித்துக்கொள்ளக் கூடாது.

பண் அட்டவணை பற்றிச் சொன்னது நியாயம். அந்த இரண்டு மதிப்பெண்ணை நானும் வாங்கியிருக்கிறேன்.

#13 மயிலைரசிகன்

பிடித்துக்கொண்டேன்!

இருந்தாலும் ஒன்று கேட்கிறேன். மொழிக்காகப் போராடினீர்கள், தேசிகரை உட்கார வைத்தீர்கள், தொகுதி தொகுதியாகப் புத்தகம் போட்டீர்கள். ஆனால் பாடத்தின் ஏணி மாறியதா? முதல் நாள் சரளி வரிசை மாயாமாளவகௌளையில். அப்புறம் கீதம், வர்ணம், கீர்த்தனை. புரந்தரதாசர் கன்னடக்காரர், அவர் போட்டதாகச் சொல்கிற படிக்கட்டில்தான் தமிழிசை மாணவனும் ஏறுகிறான். பல்லவி, அனுபல்லவி, சரணம் என்கிற சட்டத்துக்குள் தமிழைப் போட்டு அடைத்தீர்கள். அது தமிழிசையா, தமிழில் பாடும் கர்நாடக இசையா? நான் அகாடமி கட்சி. எனக்கு இதில் வருத்தமில்லை. உங்களுக்கு வருத்தம் இருக்க வேண்டும்.

#14 வடக்குவீதி

பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று முத்துத்தாண்டவர் பாடியிருக்கிறார். மும்மூர்த்திகளுக்கு ரொம்ப முன்னால். சீகாழியில் பிறந்து சிதம்பரத்துக்கு நடந்து போய் நடராஜரைப் பாடியவர். சட்டம் யாருடையது என்று கேட்டால் நான் அவரைக் காட்டுவேன். ஒரே ஒரு சங்கடம், அவர் பாடிய மெட்டுகள் நமக்கு வரவில்லை. சொல் வந்தது, ராகப் பெயர் சிலவற்றுக்கு வந்தது, மெட்டு பிற்காலத்து வித்துவான்கள் போட்டது. அதனால் புத்தகத்தில் இருக்கிற முத்துத்தாண்டவர் பாதி முத்துத்தாண்டவர், பாதி இருபதாம் நூற்றாண்டு.

மாயாமாளவகௌளைக்குப் பதில் அரிகாம்போதியில் பிள்ளைகளுக்கு ஆரம்பிக்க வேண்டும், பழந்தமிழிசையின் செம்பாலை அதுதான் என்று பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். எங்கள் வாத்தியாரிடம் ஒருமுறை கேட்டேன். சிரித்துவிட்டு, "முதல்ல ஸா சேரட்டும்" என்றார். அன்றைக்கு என் ஸா சேரவில்லை என்பது வேறு கதை.

#15 சீவாளி

எங்கள் வீட்டில் முதல் பாடம் ஊதுவதே இல்லை. மூச்சு.

#16 மட்டுநகரான்

இப்போது அங்கே நிலைமை எப்படி? 2013-ல் அரசு எடுத்துக்கொண்டது என்று செய்தி பார்த்தேன். படித்தவர்கள் சொல்லுங்கள்.

#17 வடக்குவீதி

ஆமாம். பண நெருக்கடி முற்றி, 2013-ல் தனிச் சட்டம் போட்டு அரசு பொறுப்பேற்றது. கூடுதலாக இருந்த ஆசிரியர்களையும் ஊழியர்களையும் வேறு அரசுக் கல்லூரிகளுக்கும் அலுவலகங்களுக்கும் பிரித்து அனுப்பினார்கள். இசை இப்போது நுண்கலைப் புலத்துக்குள் ஒரு துறை. அதே வருஷம்தான் இசைக்கும் கவின்கலைக்கும் தனிப் பல்கலைக்கழகம் அமைக்க அரசு சட்டம் கொண்டுவந்தது. சென்னை, மதுரை, கோவை, திருவையாறு அரசு இசைக் கல்லூரிகள் அதன் கீழ்ப் போயின. அண்ணாமலைநகர் அதில் சேரவில்லை, தன் பல்கலைக்கழகத்தோடேயே இருக்கிறது. நான் கடைசியாகப் போனபோது ஒரு அறையிலிருந்து ஜண்டை வரிசை கேட்டது. மூன்றாம் காலத்தில் ஒரு பெண் குரல் மட்டும் முன்னால் ஓடியது, மற்றவர்கள் துரத்திக்கொண்டு வந்தார்கள். கதவுக்கு வெளியே நின்று முடியும்வரை கேட்டுவிட்டு வந்தேன்.

#18 தில்லைக்காற்று

வடக்குவீதி, ஒரு உதவி. உங்கள் வாத்தியாரின் அந்தப் புத்தகம் இப்போது எங்கே? முத்துத்தாண்டவர் பாட்டுகளில் மெட்டமைத்தவர் பெயர் பாட்டின் தலைப்பில் போட்டிருக்கிறார்களா, முன்னுரையில் மட்டும்தானா என்று பார்த்துச் சொல்ல முடியுமா? அது தெரிந்தால் #14-ல் நீங்கள் சொன்ன 'பாதி இருபதாம் நூற்றாண்டு' யாருடைய பாதி என்று தெரிந்துவிடும்.

#19 வடக்குவீதி

வாத்தியார் வீட்டம்மா அதை எனக்கே கொடுத்துவிட்டார்கள். பரணில் ஒரு டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை இறக்கிப் பார்த்துப் படம் போடுகிறேன்.

#20 சீவாளி

பெட்டிக்கு அடியில் பூரான் இருக்கும். கையை விடுவதற்கு முன்னால் ஒரு தட்டு தட்டுங்கள்.

#21 தில்லைக்காற்று

பூரானுக்குப் பயந்து இந்த வாரம் விட்டுவிடாதீர்கள் :)

பெரியப்பாவுக்கு எழுதிவிட்டேன். "1929-ல் இசைக் கல்லூரி, 1941-ல் தமிழிசை மாநாடு, நடுவில் பன்னிரண்டு வருஷம்" என்று சுருக்கமாக. கைகூப்பும் பொம்மை ஒன்று அனுப்பினார். அடுத்த நிமிஷமே பழைய செய்தியை, ஒரு எழுத்து மாற்றாமல், எங்கள் தெருக் குழுவிலும் போட்டுவிட்டார்.